பறிகொடுத்தது தெரியாதவர்களின் வக்கீல்

படிப்பும் பணியும் – பாடம்

சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, கல்வி உதவித்தொகை வாங்குவதற்காக வாப்பாவுடன் நம் டிரஸ்ட் அலுவலகம் வந்திருந்தாள். "அரசு வக்கீல் என்றாலே கொலை, கொள்ளை வழக்குதானா? வியாபாரத்தில் நடக்கும் அநியாயத்துக்கு அரசு வக்கீல் கிடையாதா?" என்று கேட்டாள். "வியாபாரத்துக்கு எதுக்கும்மா வக்கீல்? கணக்குப்பிள்ளை போதாதா?" என்று வாப்பா சிரித்தார். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அவளுக்கு அன்று ஐந்து நிமிடத்தில் சொன்ன பதிலை, எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளும் படிக்கும்படி இங்கே விரிவாகத் தருகிறோம்.

கூச்சல் எழாத திருட்டு

ஒரு கடைத்தெருவில் நான்கு கறிக்கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் விலையை ஏற்றினால் நாம் அடுத்த கடைக்குப் போய்விடுவோம். அந்தப் பயம் இருப்பதால்தான் நான்கு பேரும் விலையை அடக்கி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் நால்வரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, "நாளையிலிருந்து கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டுவோம், யாரும் குறைக்கக் கூடாது" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். மறுநாள் நாம் எந்தக் கடைக்குப் போனாலும் அதே விலைதான். "ஆட்டு விலை ஏறிவிட்டது போல" என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பையில் இருந்து இருபது ரூபாயை ஒருவன் உருவினால் "திருடன், திருடன்" என்று கத்துகிறோம். இங்கே கத்த ஆளில்லை, ஏனென்றால் பறிகொடுத்தவருக்கே அது தெரியாது. தெரிந்தாலும், இருபது ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்குப் போவார்? நாலாயிரம் குடும்பத்தில் வாரம் இருபது ரூபாய் என்றால் அது வாரம் எண்பதாயிரம். ஆனால் நாலாயிரம் பேரும் தனித்தனியாக நிற்கிறார்கள், எதிரில் நால்வர் ஒன்றாக நிற்கிறார்கள்.

இதை முன்னோர்கள் கவனிக்காமல் இல்லை. மத்ரஸாவில் 'ஹிதாயா' ஓதியவர்களுக்கு, பங்கு பிரிக்கும் பாடத்தில் வரும் ஒரு சட்டம் நினைவிருக்கும். சொத்தை அளந்து வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கூலி வாங்குபவர்கள் அன்று இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே கூட்டாகச் சேர்ந்துகொள்ளக் காழி விடக்கூடாது என்று ஹனஃபி சட்டம் சொல்கிறது. சேர்ந்துகொண்டால் கூலி ஏறிவிடும் என்பதே அதற்கான காரணம். ஒருவர் அதிகம் கேட்டால் இன்னொருவரிடம் போகும் வழி மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய இந்த நூலில் இருக்கும் அதே கருத்துதான் இன்று 'போட்டிச் சட்டம்' என்ற பெயரில் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது.

அமெரிக்காவை ஏன் எடுத்துக்கொள்கிறோம்?

இந்தச் சட்டத்துக்கென்றே அரசு வக்கீல்களை வைத்து, கோர்ட்டில் நேருக்கு நேர் வாதாடுவதில் நீண்ட பழக்கமுள்ள நாடு அமெரிக்கா. அதனால் இந்தப் பணியின் முழு உருவத்தை அங்கேதான் தெளிவாகப் பார்க்கலாம்.

1890-ஆம் ஆண்டில் அங்கே ஷெர்மன் சட்டம் வந்தது. அதன் முதல் பிரிவு, போட்டியாளர்கள் கூடிப் பேசி வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவதைத் தடுக்கிறது. இரண்டாம் பிரிவு, தவறான வழியில் ஏகபோகத்தைப் பிடிப்பதையும் தக்கவைப்பதையும் தடுக்கிறது. பெரிய கம்பெனியாக இருப்பது குற்றமல்ல. நல்ல சரக்கைக் குறைந்த விலைக்கு விற்றுப் பெரிதானவரைச் சட்டம் தொடாது. பெரிதாவதற்கும், பெரியவராகவே நீடிப்பதற்கும் கையாண்ட வழியைத்தான் சட்டம் பார்க்கிறது.

விலையைப் பேசி வைத்தல், டெண்டரில் முன்கூட்டியே ஆள் பேசிக்கொள்ளுதல், வாடிக்கையாளர்களைப் பங்கு போட்டுக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அங்கே கிரிமினல் குற்றங்கள். தனிமனிதருக்குப் பத்தாண்டு வரை சிறையும் 10 லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. கம்பெனிக்கு 10 கோடி டாலர் வரை அபராதம் விதிக்கலாம். இந்த வழக்குகளை நடத்துவது மத்திய நீதித்துறையின் போட்டிச் சட்டப் பிரிவு. அதில் பல ஆண்டு பழகி, வழக்கை முன்னின்று நடத்துபவரே மூத்த விசாரணை வக்கீல்.

ஒரு வழக்கு: தீவனத்தில் கலக்கும் பொடி

லைசின் என்பது கோழி, பன்றித் தீவனத்தில் சேர்க்கும் சத்துப்பொடி. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் கம்பெனியும், ஜப்பான், கொரியாவைச் சேர்ந்த கம்பெனிகளும் கூடி, யார் எவ்வளவு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்று பேசி வைத்தார்கள். கூடுவதற்குச் சாக்கு வேண்டுமே என்று ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள். வெளியே பார்த்தால் தொழில் சங்கக் கூட்டம், உள்ளே நடந்தது விலைப் பேச்சு.

மார்க் விட்டேக்கர் என்ற அந்தக் கம்பெனியின் உயர் அதிகாரி 1992-இல் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யிடம் இதைச் சொல்லிவிட்டார். அதன்பின் இரண்டரை ஆண்டுக்கு மேலாக அவர் ஒலிப்பதிவுக் கருவியை உடம்பில் மறைத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார். ஓட்டல் அறைகளில் ரகசியக் கேமராவும் வைக்கப்பட்டது. அட்லாண்டாவில் நடந்த ஒரு கூட்டத்தில், காலியாக இருந்த நாற்காலிகளைக் காட்டி, இது வாடிக்கையாளருக்கு, இது எஃப்.பி.ஐ.க்கு என்று அவர்கள் வேடிக்கை பேசிச் சிரித்ததும் அதில் பதிவானது. 1995 ஜூனில் கம்பெனியின் தலைமையகம் சோதனையிடப்பட்டது. 1996-இல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. இத்தகைய குற்றத்துக்கு அதுவரை விதிக்கப்பட்டவற்றில் அதுவே மிகப் பெரிய தொகை.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் வக்கீல்களின் வேலை எளிதாக முடியவில்லை. தகவல் கொடுத்த விட்டேக்கரே கம்பெனிப் பணத்தில் 90 லட்சம் டாலர் கையாடியிருந்தது இடையில் வெளிவந்தது. அவரை நம்பி வழக்கை நிறுத்த முடியாது. கடைசியில் அவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அரசு வக்கீல்கள் நாடாக்களையே முன்வைத்தார்கள். கூட்டங்களில் கலந்துகொண்ட ஜப்பான், கொரியக் கம்பெனி அதிகாரிகளையும் சாட்சி சொல்ல வைத்தார்கள். 1998 செப்டம்பரில் சிகாகோ ஜூரி, கம்பெனியின் மூன்று மேலதிகாரிகளைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. மூவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சாட்சி எப்படிப்பட்டவர் என்பது வேறு, சாட்சியம் உண்மையா என்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்து, கறைபட்ட சாட்சி இல்லாமலும் நிற்கும்படி வழக்கைக் கட்டுபவரே நல்ல வக்கீல்.

அந்த வக்கீல் தினமும் என்ன செய்கிறார்?

சினிமாவில் பார்ப்பதுபோல் தினமும் கோர்ட்டில் முழங்குவதில்லை. பத்தில் ஒன்பது பங்கு வேலை அறைக்குள்தான். லட்சக்கணக்கான மின்னஞ்சல்களையும் கணக்குகளையும் வரவழைத்துப் படிக்க வேண்டும். சாட்சிகளை முன்கூட்டியே சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேள்வி கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பொருளாதார நிபுணர்களுடன் உட்கார்ந்து, கூட்டுச் சேராமல் இருந்திருந்தால் விலை என்னவாக இருந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நாளில் எல்லாரும் ஒரே விலையை ஏற்றினார்கள் என்பது மட்டும் குற்றத்துக்கு ஆதாரமாகாது. டீசல் விலை ஏறினால் எல்லா லாரி வாடகையும் ஏறத்தான் செய்யும். பக்கத்துக் கடை விலைப் பலகையைப் பார்த்து நாமும் மாற்றினால் அதுவும் குற்றமில்லை. பேசி வைத்தார்கள் என்பதை நிரூபிக்க வேண்டும். பேசி வைப்பவர்கள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை.

அதனால்தான் நம் ஊர் 'அப்ரூவர்' முறையைப் போன்ற ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். கூட்டில் இருந்த கம்பெனிகளில் முதலில் வந்து உண்மையைச் சொல்லி ஒத்துழைப்பவர் மீது வழக்கு இல்லை. இரண்டாவதாக வருபவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. 1993-இல் இந்த முறை திருத்தி விரிவாக்கப்பட்டது. கூட்டுக்குள் இருப்பவர்களுக்கு, "நமக்கு முன்னால் அவன் போய்ச் சொல்லிவிடுவானோ?" என்ற பயத்தை உண்டாக்குவதே இதன் பலன்.

எதிராளிக்கு உதவும் காகிதம்

நம் பிள்ளைகள் மனதில் பதிய வேண்டிய பகுதி இது.

1963-இல் 'பிரேடி' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரம் அரசிடம் இருந்தால், அதை அவரிடம் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்பே 1935-இல் 'பெர்கர்' வழக்கில் அதே நீதிமன்றம், அரசு வக்கீலின் நோக்கம் வழக்கை ஜெயிப்பதல்ல, நியாயம் நடப்பதே என்று சொல்லியிருந்தது.

இதை நடைமுறையில் நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு உழைத்துக் கட்டிய வழக்கு. விசாரணைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இரவில் பெட்டி பெட்டியாகக் காகிதங்களைப் புரட்டும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் விலையைப் பற்றிப் பேச மறுத்து எழுதிய ஒரு கடிதம் கையில் கிடைக்கிறது. அதைப் பார்த்தவர் அந்த வக்கீல் ஒருவர் மட்டுமே. அவரது அமானிதம் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. மறுநாள் காலையில் அந்தக் கடிதத்தின் நகல் எதிர்த்தரப்பு வக்கீலின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அதைச் செய்ய மனம் ஒப்பாதவருக்கு இந்த வேலை சரிவராது.

தோற்பதும் உண்டு

ஜெயித்த கதைகளை மட்டும் சொன்னால் பிள்ளைகளை ஏமாற்றியவர்கள் ஆவோம்.

கறிக்கோழி விலையைப் பேசி வைத்ததாக அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. பில்கிரிம்ஸ் பிரைடு என்ற கோழிக் கம்பெனி 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டச் சம்மதித்தது. ஆனால் பத்து அதிகாரிகள் மீது டென்வர் நகரில் நடந்த வழக்கில் ஜூரிகளால் ஒருமனதாக முடிவெடுக்க முடியவில்லை. 2022 தொடக்கத்தில் மறுபடி விசாரித்தார்கள், அப்போதும் முடிவில்லை. மூன்றாம் முறை ஐந்து பேரை மட்டும் நிறுத்தினார்கள். 2022 ஜூலையில் ஐந்து பேரும் விடுதலையானார்கள்.

அரசுத் தரப்பில் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும்? ஆனால் இதை வேறு பக்கத்திலிருந்தும் பாருங்கள். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்காமல் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்ற வேலி அங்கே நின்றது. அந்த வேலி நாளை நமக்கும் தேவைப்படலாம்.

காலமும் ஒரு சோதனை. ஐ.பி.எம். கம்பெனி மீது 1969 ஜனவரியில் போட்ட வழக்கு 13 ஆண்டு இழுத்தது. 1982 ஜனவரி 8 அன்று, வழக்கில் வலுவில்லை என்று அரசே அதைக் கைவிட்டது. அதே நாளில்தான் டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி. மீது 1974-இல் போட்ட வழக்கு சமரசத்துக்கு வந்தது. அதன்படி 1984-இல் உள்ளூர் டெலிபோன் சேவை ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. ஒரே துறை, ஒரே நாள். ஒரு வழக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று, இன்னொன்று ஒரு நாட்டின் டெலிபோன் தொழிலையே மாற்றியது.

நம் கையிலிருக்கும் போனும் ஒரு வழக்கும்

அண்மைய உதாரணம் நம் எல்லார் கையிலும் இருக்கிறது. போனில் எதையாவது தேடினால் கூகுள்தான் வருகிறது. அது தரமானது என்பதால் மட்டுமா, அல்லது முதலில் வரும்படி பணம் கொடுத்து இடம் பிடித்ததாலா? இதுதான் 2020 அக்டோபரில் நீதித்துறை தொடுத்த வழக்கின் சாரம். போன்களிலும் பிரவுசர்களிலும் தானே முதலில் வருவதற்காகக் கூகுள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது விசாரணையில் வெளிவந்தது.

2023 செப்டம்பரில் விசாரணை தொடங்கியபோது அரசுத் தரப்பை முன்னின்று நடத்தியவர் கென்னத் டின்ட்சர் என்ற மூத்த வக்கீல். எதிரில் உலகின் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றின் வக்கீல் படை. இங்கே ஜூரி இல்லை. குஜராத்தில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா சென்ற அமித் மேத்தா நீதிபதியாக இருந்து விசாரித்தார். 2024 ஆகஸ்டில், கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். ஆனால் 2025 செப்டம்பரில் பரிகாரம் சொல்லும்போது, அரசு கேட்டபடி குரோம் பிரவுசரை விற்கச் சொல்ல மறுத்துவிட்டார். தனக்கு மட்டுமே இடம் தரும்படியான ஒப்பந்தங்களைத் தடுத்து, சில தகவல்களைப் போட்டியாளர்களுடன் பகிரச் சொன்னார். கேட்டதில் பாதி கிடைப்பதும் இந்தப் பணியில் வழக்கம்தான்.

நம் நாட்டில்

நம் நாட்டில் 2002-இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டது. கூட்டுச் சதிக்கு எதிரான அதன் பிரிவுகள் 2009 முதல் நடைமுறையில் உள்ளன. இந்தியப் போட்டி ஆணையம் டெல்லியில் இருக்கிறது, தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இங்கே விலைக்கூட்டுக்குச் சிறை இல்லை, அபராதம்தான். கம்பெனிகள் மட்டுமின்றி, சாதாரண நுகர்வோரும் சங்கங்களும் ஆணையத்திடம் தகவல் மனு கொடுக்கலாம்.

வீடு கட்டியவர்களுக்குச் சிமெண்ட் வழக்கு நினைவிருக்கும். 2012-இல் 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் ஆணையம் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. வாதங்களைக் கேட்கும்போது இல்லாத ஆணையத் தலைவர் தீர்ப்பில் கையெழுத்திட்டிருந்தார், கேட்டவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதே காரணம். ஆணையம் மறுபடி விசாரித்து 2016-இல் மீண்டும் அபராதம் விதித்தது. 2018-இல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் சென்றன. முறை தவறினால் சரியான வழக்கும் ஆண்டுக்கணக்கில் பின்னுக்குப் போகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டு சட்டம் படித்து, வக்கீல் தேர்வு எழுதி, நீதித்துறையில் இளநிலை வக்கீலாகச் சேர்கிறார்கள். இங்கே பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம், பட்டம் பெற்றபின் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். போட்டி ஆணையத்தில் சட்டம், பொருளாதாரம், நிதி ஆகிய துறை அலுவலர்கள் இருக்கிறார்கள். சட்ட மாணவர்களுக்குப் பயிற்சி வாய்ப்பும் அங்கே உண்டு. கணக்கும் பொருளாதாரமும் பயமின்றிப் படித்த சட்ட மாணவருக்கு இத்துறையில் நல்ல இடம் இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே திறமையுடன் எதிர் மேசையில், கம்பெனிகளின் பக்கம் உட்காரும் வக்கீலுக்குப் பல மடங்கு கிடைக்கும். அரசில் பத்துப் பதினைந்து ஆண்டு பழகியவரைப் பெரிய வக்கீல் நிறுவனங்கள் விரும்பி அழைக்கும். போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கம்பெனிக்கும் நல்ல வக்கீல் வேண்டும், அவரும் சட்டத்தைத்தான் காக்கிறார். ஆனால் தங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்காக வாதாடுகிறார்களோ அந்த மக்களுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. தங்களிடமிருந்து பணம் போனதும் தெரியாது, அது நின்றதும் தெரியாது. நன்றி சொல்ல யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே செய்யும் வேலை இது.

மகளின் கேள்விக்குச் சிரித்த அந்த வாப்பா, போகும்போது எங்களிடம், "இவ எத்தனை வருஷம் படிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குடும்பத்துடன் பேசிப் பார்க்க

1. இரண்டு கடைகளில் ஒரே விலை இருப்பதற்குக் குற்றமில்லாத காரணங்கள் என்னென்ன? குற்றமாகும் காரணம் எது?

2. ஏலத்திலோ டெண்டரிலோ, "இந்த முறை நீங்கள் எடுங்கள், அடுத்த முறை நான்" என்று நண்பர்கள் பேசிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? அந்தப் பணம் யாருடையது?

3. எதிராளிக்கு உதவும் கடிதத்தைக் கொடுத்ததால் வழக்கில் தோற்றுப்போன வக்கீலை, அவருடைய பிள்ளைகள் எப்படி நினைக்க வேண்டும்?

4. நம் வீட்டில் வியாபாரம் செய்பவர் யாராவது சங்கக் கூட்டத்துக்குப் போகிறாரா? அங்கே விலைப் பேச்சு வந்தால் அவர் என்ன செய்ய வேண்டும்?

நான்காம் கேள்வியைத் தள்ளிவிடாமல் பேசுங்கள். அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், நுகர்வோர் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கும் முறையைப் பார்ப்போம்.